கோவையில் வென்ற சென்னை: ஐ-லீக்கின் 2018-19 சீசன்

2018 அக்டோபர் 26 அன்று தொடங்கி 2019 மார்ச் 9 அன்று முடிந்த ஐ-லீக் கால்பந்து சீசனில் 11 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணியும் மற்ற பத்து அணிகளைச் சொந்த மைதானத்தில் ஒருமுறை, எதிரணியின் ஊரில் ஒருமுறை என மொத்தம் 20 ஆட்டங்களில் சந்தித்தது. முடிவில் 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி எஃப்.சி. பட்டம் வென்றது. 42 புள்ளிகள் எடுத்த கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் இரண்டாவதாக நின்றது. தேசிய கால்பந்து லீக், அதன் வாரிசாக வந்த ஐ-லீக் என்ற நீண்ட வரிசையில் தமிழ்நாட்டு அணி ஒன்று சாம்பியன் ஆனது அதுவே முதல்முறை. அந்த லீக் நாட்டின் முதல் நிலை லீக் என்ற தகுதியோடு நடந்த கடைசி சீசனும் அதுதான். பட்டம் வென்ற எட்டு மாதங்களுக்குள் ஐ-லீக் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டது. அந்த சீசனில் ஆடிய அணிகளில் யார் மேலே போனார்கள், யார் காணாமல் போனார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், இரண்டாம் நிலை லீக் என்பது எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு இந்தியக் கால்பந்தில் இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

கால்பந்து ஆடும் நாடுகளில் லீகுகள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் கடைசியில் வருபவர்கள் கீழே இறங்குவார்கள். முதலில் வருபவர்கள் மேலே ஏறுவார்கள். இங்கிலாந்தில் பிரீமியர் லீக்குக்கு அடுத்த நிலையில் இருக்கும் சாம்பியன்ஷிப் லீக்கில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நேரடியாக மேலே போகிறார்கள். அவர்களுக்கு அடுத்தடுத்த இடங்களில் வந்தவர்கள் தங்களுக்குள் மோதி, அதில் வெல்பவர் மூன்றாவதாக ஏறுகிறார். சாதாரணத் தொழில் நகரத்து அணியும் நன்றாக ஆடினால் நாட்டின் பெரிய அணிகளோடு அடுத்த ஆண்டு மோதலாம் என்ற நம்பிக்கைதான் அந்த லீக்கின் உயிர். மைதானத்தில் எடுத்த புள்ளிகளைத் தவிர மேலே போக வேறு சீட்டு தேவையில்லை.

இந்தியாவில் கதை வேறு மாதிரி போனது. 1996-ல் தொடங்கிய தேசிய கால்பந்து லீக் 2007-ல் ஐ-லீக் ஆனது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக், சுருக்கமாக ஐ.எஸ்.எல்., தனியாகப் பிறந்தது. பணம் கட்டி உரிமை பெற்ற நகர அணிகள் மட்டுமே அதில் ஆடின. அப்போது யாரும் கீழே இறங்கவும் முடியாது, கீழிருந்து ஏறி வரவும் முடியாது. முதலில் இரண்டு, மூன்று மாதத் திருவிழாவாக நடந்த அது, 2017-18 சீசனில் பத்து அணிகளோடு நீண்ட லீக்காக வளர்ந்தது. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் அதை ஏற்றுக்கொண்டது. இரண்டு முறை ஐ-லீக் சாம்பியனான பெங்களூரு எஃப்.சி. அந்த ஆண்டு ஐ.எஸ்.எல்.லுக்கு மாறியது. இப்படி ஒரே நேரத்தில், ஒரே நாட்டில், இரண்டு லீகுகள் தேசிய லீக் என்ற பெயரோடு ஓடின. காகிதத்தில் இரண்டும் சமம். ஆனால் விளம்பரம், தொலைக்காட்சி நேரம், ஆட்டக்காரர்களின் சம்பளம் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. 2018-19 சீசனின் பாதியில், மீதியிருந்த ஐ-லீக் ஆட்டங்களில் பாதிக்கும் குறைவானவையே தொலைக்காட்சியில் காட்டப்படும் என்று அறிவிப்பு வந்தபோது அந்தச் சாய்வு வெளிப்படையாகவே தெரிந்தது.

சென்னை சிட்டியின் வேர் 1946-ல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய ஒரு சங்கத்தில் இருக்கிறது. சென்னை லீக்கில் பல்லாண்டு ஆடிய அந்தச் சங்கம், ரோஹித் ரமேஷ் உரிமையாளராக இருந்த காலத்தில் சென்னை சிட்டியாகி, 2016-17 சீசனில் ஐ-லீக்கில் நேரடி இடம் பெற்றது. நகரின் நேரு விளையாட்டரங்கில் ஐ.எஸ்.எல். அணியான சென்னையின் எஃப்.சி. ஆடிக்கொண்டிருந்ததால், சென்னை சிட்டி தன் சொந்த ஆட்டங்களைக் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில் ஆடியது. பெயரில் சென்னை, மைதானம் கோவையில். அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருந்த கால்பந்து ரசிகர் தன் ஊர்ப் பெயர் கொண்ட அணியின் ஆட்டத்தை நேரில் பார்க்க ஏறத்தாழ 500 கிலோமீட்டர் போகவேண்டியிருந்தது. சென்ட்ரலில் புறப்படும் கோவை ரயில்கள் பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகின்றன என்பது அந்தத் தூரத்தைக் குறைத்துவிடவில்லை. பெரும்பாலானோர் தொலைக்காட்சியிலோ மறுநாள் பேப்பரிலோதான் அந்த அணியைப் பின்தொடர்ந்தார்கள்.

சென்னையின் இந்த மேற்கு ரயில் பாதை ஊர்களுக்குக் கால்பந்து புதிதல்ல. பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்து அணி நடத்தின. காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம் என்ற வாழ்க்கையில் பல தலைமுறை ஆட்டக்காரர்கள் வளர்ந்தார்கள். தேசிய கால்பந்து லீக்கின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பெயரைச் சொல்ல இந்தியன் வங்கி அணிதான் இருந்தது. நிறுவனங்கள் அணிகளுக்குச் செலவிடுவது குறைந்து, கால்பந்து முழுநேரத் தொழிலாக மாறியபோது, சென்னை லீக்கில் ஆடும் இளைஞர் தேசிய அளவுக்குப் போக ஒரு புதிய வாசல் தேவைப்பட்டது. சென்னை சிட்டி செய்த மிகப் பெரிய வேலை அதுதான். பட்டத்தைவிட இதையே முதலில் சொல்லவேண்டும். எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார், விஜய் நாகப்பன், சார்லஸ் ஆனந்தராஜ் எனத் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் அந்த அணியில் கூட்டமாக இருந்தார்கள். கன்னியாகுமரி மாவட்டக் கடலோரக் கிராமமான இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், இதே அணியில் பெயரெடுத்து, 2018-ல் ஜாம்ஷெட்பூர் அணி வழியாக ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார்.

முதல் இரண்டு சீசன்களிலும் சென்னை சிட்டி பத்து அணிகளில் எட்டாவதாகவே வந்தது. மூன்றாவது சீசன் தொடங்கியபோது அதைப் பட்டத்துக்கான அணி என்று யாரும் எண்ணவில்லை. பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். பின்வரிசையில் இருந்தே பந்தைத் தரையில் குறுகிய பாஸ்களாக நகர்த்தி, எதிரணியை அலையவிட்டு முன்னேறும் ஆட்டம் அவருடையது. பந்தை உயரே தூக்கி அடித்து ஓடும் ஆட்டத்துக்குப் பழகிய ஐ-லீக்கில் அது கண்ணுக்கு இதமாக இருந்தது. அதை ஆடத் தெரிந்த வெளிநாட்டு ஆட்களை அணி ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் தேடிப் பிடித்தது. பெரிய பெயர், பெரிய சம்பளம் என்று போகாமல், பந்தைக் கையாளும் பழக்கத்தை மட்டும் பார்த்து எடுத்த தேர்வு அது. கோல்கீப்பர் நௌசெட் சந்தானா, பின்வரிசையில் ரொபர்டோ எஸ்லாவா, நடுவில் சாண்ட்ரோ ரொட்ரிகஸ், நெஸ்டர் கோர்டில்லோ, முன்னால் உருகுவேயில் பிறந்து ஸ்பெயினில் ஆடிவந்த பெட்ரோ மான்சி. முதுகெலும்பு முழுக்க அவர்கள். பக்கவாட்டில் ஓடியவர்களும் இடைவெளிகளை நிரப்பியவர்களும் தமிழ்நாட்டு, வடகிழக்கு இளைஞர்கள்.

தொடக்க ஆட்டமே வரப்போவதைச் சொன்னது. கோவையில் இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என வென்றபோது மான்சி ஹாட்ரிக் அடித்தார். இந்தியன் ஆரோஸ் என்பது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இளம் இந்திய ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து நடத்திய பயிற்சி அணி. கடைசியில் வந்தாலும் அது கீழே இறக்கப்படாது என்பது அப்போதைய விதி. அடுத்த சில வாரங்களில் மான்சி கோல் அடிக்காத ஆட்டத்தைத் தேடவேண்டிய நிலை வந்தது. சீசன் முடிவில் அவர் கணக்கு 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் 21 அடிக்க, இருவரும் முதலிடத்தைப் பகிர்ந்தார்கள். சென்னை சிட்டி மொத்தம் 48 கோல்கள் போட்டது.

பட்டத்தைத் தீர்மானித்தது ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான இரண்டு ஆட்டங்கள் என்று சொன்னால் மிகையாகாது. நவம்பரில் கொல்கத்தாவுக்கே போய் 2-1 என்று வென்றார்கள். நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த அந்தப் பெரிய சங்கத்தை அதன் சொந்த ரசிகர்கள் முன்னால் வீழ்த்திய இரவு, சென்னை சிட்டியைப் பற்றிய மற்ற அணிகளின் பேச்சையே மாற்றியது. ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டிக் கோவையில் நடந்த மறு ஆட்டத்திலும் அதே 2-1. இந்த இரண்டு வெற்றிகளில் ஒன்று டிராவாகியிருந்தாலும் மார்ச் 9 வேறு விதமாக முடிந்திருக்கும்.

மற்ற அணிகளின் கதைகளும் அந்த சீசனுக்கு நிறம் சேர்த்தன. கீழ் டிவிஷனை வென்று அந்த ஆண்டுதான் ஏறி வந்த ரியல் காஷ்மீர், ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் ராபர்ட்சனின் பயிற்சியில், ஸ்ரீநகரின் குளிரில் ஒவ்வொரு பெரிய அணியையும் திணறடித்து 37 புள்ளிகளோடு மூன்றாவதாக வந்தது. பிப்ரவரி 14 புல்வாமா தாக்குதலுக்குப் பின், நான்கு நாள் கழித்து ஸ்ரீநகரில் நடக்கவிருந்த ஆட்டத்துக்கு மினர்வா பஞ்சாப் வரவில்லை. ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான ரியல் காஷ்மீரின் சொந்த ஆட்டம் டெல்லிக்கு மாற்றப்பட்டது. முந்தைய ஆண்டு சாம்பியனான மினர்வா 18 புள்ளிகளோடு ஒன்பதாவது இடத்துக்குச் சரிந்தது. 11 புள்ளி மட்டுமே எடுத்த ஷில்லாங் லஜோங் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. இதைக் கவனிக்கவேண்டும்: ஐ-லீக்கில் கீழே இறங்கும் படி இருந்தது, கீழிருந்து ஏறி வரும் படியும் இருந்தது. மேலே ஐ.எஸ்.எல்.லுக்குப் போகும் படி மட்டும் இல்லை.

பிப்ரவரி முடியும்போது பட்டம் சென்னை சிட்டியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் மார்ச் தொடக்கத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று தோற்க, கணக்கு கடைசி நாள் வரை இழுத்தது. மார்ச் 9 காலையில் சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. சென்னை வென்றால் வேறெதையும் பார்க்கவேண்டாம். டிரா செய்து, ஈஸ்ட் பெங்கால் வென்றால், அதுவரை ஈஸ்ட் பெங்காலுக்கு எட்டாத ஐ-லீக் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின: கோவையில் சென்னை சிட்டி - மினர்வா பஞ்சாப், கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா - ஈஸ்ட் பெங்கால்.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். நிரம்பியிருந்த கோவை மைதானம் அமைதியானது. இழப்பதற்கு ஒன்றும் இல்லாத அணி முன்னிலை எடுத்துவிட்டால் அதை உடைப்பது கடினம். முதல் பாதி முழுக்க சென்னை முட்டிமோதியும் பலன் இல்லை. கோழிக்கோட்டில் அப்போது கோல் எதுவும் விழவில்லை என்பதால் பட்டம் இன்னும் சென்னையின் பக்கம்தான் இருந்தது, ஆனால் நூலிழையில். 56-வது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியை மான்சி வலைக்குள் செலுத்தினார். 69-வது நிமிடத்தில் இளம் டிஃபெண்டர் கௌரவ் போரா இரண்டாவது கோலைப் போட்டார். ஏறக்குறைய அதே நேரத்தில் கோழிக்கோட்டில் மார்க்கஸ் ஜோசப் கோகுலத்துக்கு முன்னிலை கொடுத்தார். அங்கே ஈஸ்ட் பெங்கால் விடவில்லை. பத்து நிமிடத்தில் பெனால்டி மூலம் சமன் செய்து, ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் 2-1 என்று முந்தியது. ஆக, கோவையில் மினர்வா இன்னொரு கோல் அடித்தால் பட்டம் போய்விடும் என்ற நிலை. கூடுதல் நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில் போராவே மறுபடி அடித்து 3-1 ஆக்கினார். 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. சீசன் முழுக்க மான்சி கோல் அடித்த அணிக்கு, கடைசி நாளில் ஒரு தடுப்பாட்டக்காரர் பட்டம் பெற்றுத் தந்தார்.

இரண்டு லீகுகளில் எது பெரியது என்ற விவாதத்துக்குக் களத்திலேயே ஒரு பதில் கிடைக்க அடுத்த மாதம் வாய்ப்பு வந்தது. புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பையில் இரு லீக் அணிகளும் கலந்து ஆடவேண்டும். ஐ-லீக்கின் எதிர்காலம் பற்றிக் கூட்டமைப்பு பேச மறுப்பதாகச் சொல்லிப் பல ஐ-லீக் அணிகள் அந்தப் போட்டியைப் புறக்கணித்தன. சென்னை சிட்டி ஆடியது. ஐ.எஸ்.எல். அணியான புனே சிட்டியை 4-2 என வென்றது. காலிறுதியில், சில வாரங்களுக்கு முன்புதான் ஐ.எஸ்.எல். கோப்பை வென்றிருந்த பெங்களூரு எஃப்.சி.யை 2-1 என்று வீழ்த்தியது. அரையிறுதியில் எஃப்.சி. கோவாவிடம் 0-3 என்று தோற்று வெளியேறியது. ஓர் ஆட்டத்தை வைத்து லீகுகளின் தரத்தை அளந்துவிட முடியாதுதான். ஆனாலும், ஒரு லீக்கின் சாம்பியன் இன்னொரு லீக்கின் சாம்பியனை நேருக்கு நேர் வென்ற பிறகு, கீழே இருப்பவர்களுக்கு மேலே ஆடத் தகுதி இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இருக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. ஒரே சீசனில் ஆடவர் ஐ-லீக்கும் மகளிர் லீக்கும் தமிழ்நாட்டுக்கு வந்தன. மாநிலத்தில் அது கொண்டாடப்பட்டது மிகக் குறைவு.

2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பு இந்தியாவுக்கான திட்டத்தை ஏற்றது. அதன்படி 2019-20 முதல் ஐ.எஸ்.எல். முதல் நிலை லீக், ஐ-லீக் அதற்கு அடுத்தது. ஐ-லீக் சாம்பியன் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறும் வாய்ப்பு 2022-23 சீசனில்தான் தொடங்கும். சென்னை சிட்டிக்கு மிஞ்சியது, முதல் நிலை சாம்பியனாக அது ஏற்கெனவே ஈட்டியிருந்த ஆசிய வாய்ப்பு மட்டுமே. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் முதல் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோற்றது. பிறகு ஏ.எஃப்.சி. கோப்பையில், மார்ச் மாதம் மாலத்தீவின் மாசியாவுடன் 2-2 என்று டிரா செய்தது. அந்தச் சொந்த மைதான ஆட்டமும் கோவையில் அல்ல, அகமதாபாத்தில் நடந்தது. அதற்குள் கொரோனா வந்து போட்டியே ரத்தானது.

அணி கலைந்ததற்குக் கொரோனாவைக் குறை சொல்ல முடியாது. பட்டம் வென்ற கோடையிலேயே அது தொடங்கிவிட்டது. நெஸ்டர் ஐ.எஸ்.எல்.லில் புதிதாக வந்த ஹைதராபாத் அணிக்குப் போனார். மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். எட்வின் வன்ஸ்பால் 2019-லேயே சென்னையின் எஃப்.சி.யிலும் ரொமாரியோ 2020-ல் எஃப்.சி. கோவாவிலும் சேர்ந்தார்கள். அவர்களுக்கு அது நியாயமான உயர்வு. மேலே போக அணிக்கு வழியில்லாத லீக்கில், ஆட்டக்காரர் மேலே போகத் தனியாகத்தான் போகவேண்டும். 2019 ஜனவரியில் 26 சதவீதப் பங்கு வாங்கிய சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசெல் அணியின் முதலீடும் நிலைமையைத் திருப்பவில்லை. 2020-21 சீசன் முழுவதும் மேற்கு வங்காளத்தில் ரசிகர்கள் இல்லாமல் நடந்தது. சென்னை சிட்டி பட்டியலின் கீழ்ப்பாதியில் முடித்தது. 2021-22 சீசனின் அணிப் பட்டியலில் அதன் பெயர் இல்லை.

மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று பார்த்தால் படம் முழுமையாகும். ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்த ஈஸ்ட் பெங்கால், 2020-ல் முதலீட்டாளர் ஒருவரின் துணையோடு ஐ.எஸ்.எல்.லில் நுழைந்தது. 2018-19-ல் ஐந்தாவதாக வந்த மோகன் பகான், ஏ.டி.கே. அணியோடு இணைந்து அதே ஆண்டு உள்ளே போனது. கோவையில் கடைசி நாளில் தோற்று ஒன்பதாவதாக முடித்த மினர்வா, உரிமையாளர் மாறி ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் ஆகி, 2022-23 ஐ-லீக்கை வென்று, களத்தில் வென்று ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் அணி என்ற பெயரைப் பெற்றது. அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் அதே வழியில் ஏறியது. கடைசி இடத்தில் நின்று கீழே இறங்கிய ஷில்லாங் லஜோங்கூட 2023-24-ல் ஐ-லீக்குக்குத் திரும்பிவிட்டது. சாம்பியன் மட்டும் இல்லை. 2018-19-ல் திறந்திருக்கவேண்டிய கதவு நான்கு ஆண்டு தாமதமாகத் திறந்தது; அந்த நான்கு ஆண்டைத் தாக்குப்பிடிக்கப் பணம் இருந்தவர்களுக்கே அது பயன்பட்டது.

2024-25 ஐ-லீக்கில் ஆடிய 12 அணிகளில் தமிழ்நாட்டு அணி ஒன்றுகூட இல்லை. அந்த சீசனின் அமைப்பில் மாநிலங்களின் லீகுகளுக்கு மேலே ஐ-லீக் 3, அதற்கு மேல் ஐ-லீக் 2, பிறகு ஐ-லீக் என்று படிகள் இருந்தன. அம்பத்தூரிலோ ஆவடியிலோ அப்போது ஒரு சங்கம் தொடங்கியிருந்தால், அது சென்னை லீக்கின் கீழ் டிவிஷன்களில் இருந்து சீனியர் டிவிஷனுக்கு ஏறி, பிறகு தேசிய அளவில் இரண்டு படிகள் கடந்தால்தான் சென்னை சிட்டி வென்ற லீக்குக்குள் வந்திருக்கும்.